தூத்துக்குடி அண்ணாச்சிக்கு நன்றி

இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்த பழைய லிஸ்டர் 6/1 (ஆறு குதிரைத்திறன், ஒரே சிலிண்டர்) டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 650 சுற்றில் நிதானமாக ஓடுமே அதேதான், பத்திரமாக வந்து இறங்கிவிட்டது. அதை இறக்குமதி செய்ய உதவியவர், பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொன்னதால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். கப்பலேறும் முன் பெட்டியின் போட்டோவை அனுப்பினேன், பார்த்த உடனே போன்: "தம்பி, கட்டையில பூச்சி இல்லாம பக்குவப்படுத்துன மரம்னு காட்டுற கோதுமைக்கதிர் முத்திரையக் காணோமே, சூடேத்துன மரம்னு எச்டி (HT) எழுத்தும் இல்ல, இப்படியே வந்தா துறைமுகத்துல மாட்டிக்கும்." பெட்டியை மாற்ற வைத்தார், டீசலையும் ஆயிலையும் சொட்டு விடாமல் வடிக்கச் சொன்னார், பழைய மெஷினின் நிலையையும் மதிப்பையும் உறுதி செய்யும் சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழுக்கும் அவரே அலைந்தார். அப்புறம் இன்ஜினின் அந்த ரெண்டு கனமான ஃபிளைவீல் சக்கரம்! கழற்றித் தனியாகக் கட்டச் சொன்னதும் அவர்தான். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை மனுஷன். அண்ணாச்சி, முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டில் நீங்கதான் சுத்தணும், கட்டாயம் வந்துருங்க.