பல்சக்கரத் தொப்பிக்காரர்களையும் அழையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் ஓமரு நகரில் ‘ஸ்டீம்பங்க்’ (நீராவிக் கால இயந்திரங்களைக் கற்பனையோடு கொண்டாடும் கலைப்பாணி) ரசிகர்களுக்கென்றே 2011-இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். வாசலில் நிற்கும் ரயில் என்ஜினில் நாணயம் போட்டால் நெருப்பும் புகையும் கக்கும். பித்தளைக் கண்ணாடியும் பல்சக்கரம் பதித்த தொப்பியுமாக நீராவிக் காலத்தை நேசிக்கும் கூட்டம் அங்கே தேடி வருகிறது. துறைமுகத்தின் ஓரமாகப் பாரம்பரிய ரயிலும் ஓடுகிறது.

நம் நீலகிரி மலை ரயிலுக்கு இந்த ரசிகர்களை ஏன் அழைக்கவில்லை? ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்கும்போது ‘எக்ஸ்’ வகை என்ஜினை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள், சாதாரணச் சக்கரங்களை உருட்டுகின்றன. அவை விட்ட நீராவியை வாங்கி மற்ற இரண்டும், தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்தண்டில் பொருந்தும் பல்சக்கரத்தைச் சுழற்றி மலையேற்றுகின்றன. எத்தனை அழகான சிக்கனம்! ஆனால் இதை விளக்கும் ஒரு தமிழ்ப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. பயணிகள் படம் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

வேடம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைத் தடவிப் பார்த்து, இதை எப்படி அடித்தார்கள் என்று கேட்பவர்கள் இந்த ரசிகர்கள்தான். ஆண்டுக்கு ஒரு நாளாவது குன்னூர் பணிமனையை அவர்களுக்குத் திறந்துவிடுமாறு ரயில்வேயைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்