அக்காவுக்கு, அமெரிக்காவின் கொலம்பஸிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், தப்புதான். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இதை நீ மட்டும் படி. அம்மாவிடம் குளிரையும் தயிரையும் பற்றிச் சொன்னால் போதும்.

குளிர் இந்த வாரம் மைனஸ் 12. ஜன்னலுக்கு உள்பக்கமே பனி பூத்துக் கிடக்கிறது. தயிர் உறையவே மாட்டேன் என்றது, இப்போது ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு வைக்கிறேன், விடிவதற்குள் கெட்டியாகிவிடுகிறது. தினமும் ரசமும் மோரும்தான், எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

வீடு மாறப் போகிறேன் என்றாயே, ஏன் இன்னும் அதே விலாசம் என்று கேட்டிருந்தாய். 2024 மார்கழியில் எனக்குக் கல் வலி வந்ததே, ராத்திரி ஒரு மணிக்கு கீழ்வீட்டுப் பாட்டி வீட்டுச் செருப்போடு காரை எடுத்து எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனாரே, அதன் மிச்சம்தான் இது. இங்கே ஆஸ்பத்திரி பில் தனி, டாக்டர் பில் தனி. ஆஸ்பத்திரிக்கு என் பங்கைக் கட்டிவிட்டேன். அப்புறம் வந்த உறைகளை, இன்சூரன்ஸ் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பிரிக்காமல் மேஜையில் போட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்து ஒரு ஃப்ளாட் பிடித்துப் போய் விண்ணப்பம் கொடுத்தால், உங்கள் பேரில் கலெக்ஷனுக்குப் போன மருத்துவக் கடன் 1,180 டாலர் இருக்கிறது, இரண்டு மாத வாடகை கூடுதலாக அட்வான்ஸ் வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

நம் ஊரில் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கிற சிபில் மாதிரி இங்கே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று. 300-லிருந்து 850 வரைக்கும் ஒரு மதிப்பெண். டாக்டர் பில்லைக் கட்டவில்லை என்றால் பொதுவாக அவர்கள் நேராக இவர்களிடம் சொல்வதில்லை, வசூல் கம்பெனிக்குத் தள்ளிவிடுகிறார்கள், அந்தக் கம்பெனி பதிந்துவிடுகிறது. பதிவதற்கு முன்னால் ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அந்த ஒரு வருஷமும் என் மேஜையிலேயே கழிந்துவிட்டது. 500 டாலருக்குக் கீழே இருந்தால் 2023-லிருந்து பதிவதே இல்லை, என்னுடையது அதைத் தாண்டிவிட்டது. மருத்துவக் கடனையே பதியக் கூடாது என்று 2025 ஜனவரியில் மத்திய அரசில் ஒரு விதி போட்டார்கள், ஜூலையில் டெக்சாஸில் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நோய் வந்தவனை ஏமாற்றுக்காரன் போல எழுதி வைப்பது எந்த நியாயம் என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கிரெடிட் கார்டில் தேய்த்துத் தலைமுழுகிவிடலாம் என்று நினைத்தேன். பாட்டிதான் விடவில்லை. கார்டில் போட்டால் அது மருத்துவக் கடன் என்ற அடையாளமே போய்ச் சாதாரணக் கடனாகிவிடும், வட்டியும் ஏறும், முதலில் எதற்கு இந்தக் கடன் என்று கேள் என்றார். முப்பது வருஷத்துப் பில்லையும் வருஷவாரியாக பிஸ்கட் டின்களில் வைத்திருப்பவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். வசூல் கம்பெனியின் கடிதம் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டால் அவர்கள் கணக்கைக் காட்டியாக வேண்டும், அதுவரை வசூலை நிறுத்த வேண்டும். அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது, என் பெயரைத் தலைகீழாகப் பதிந்திருக்கிறார்கள். அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். இன்சூரன்ஸ் கார்டில் வேறு மாதிரி இருந்ததால் அப்படி ஓர் ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அக்கா, அன்றைக்கு ராத்திரி அந்த நர்ஸ் வாசலில் நின்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். வலியில் ஒரு நொடி அப்பாவும் கூட வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பாரத்தில் கேட்டார்கள், உன் நம்பரைத்தான் எழுதினேன், உள்ளூர் நம்பர் வேண்டும் என்றார்கள், அடித்துவிட்டுப் பாட்டியின் நம்பரை எழுதினேன். இதை உன்னிடம் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

சரி, அது முடிந்தது. பெயரைத் திருத்தி மறுபடி அனுப்பியதும் இன்சூரன்ஸ் பெரும்பகுதியைக் கட்டியது, மீதி 310-ஐ நான் கட்டினேன். கட்டி முடித்த மருத்துவக் கடனை 2022-லிருந்து மூன்று இடத்திலும் அழித்துவிடுகிறார்கள், என்னுடையதும் போய்விட்டது, பார்த்துவிட்டேன். அந்த ஃப்ளாட் வேறு யாருக்கோ போய்விட்டது. போகட்டும், இங்கேயே பாட்டியின் துணை இருக்கிறது.

மணியின் வண்டி லோனுக்கு அம்மா ஜாமீன் கையெழுத்துப் போடலாமா என்று மாமா கேட்கிறார் என்றாயே, வேண்டாம். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஜாமீன் போட்டவர் சிபிலிலும் அந்தக் கடன் வரும், அவன் தவணை தவறினால் அம்மாவுக்கும்தான் அடி. கூரை வேலைக்கு நாளைக்கு அம்மா பேரில் லோன் கேட்டு நிற்கப்போவது நாம்தான். கூரையை ஆனிக்குள் முடித்துவிடலாம், இந்த மாதம் அனுப்ப முடியவில்லை, பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன்.

மாசியில் அப்பா திதிக்கு வர லீவு கிடைக்காது போலிருக்கிறது. ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, வாழைக்காய்ப் பொரியல் மறக்க வேண்டாம். அப்புறம் குட்டிக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றாயே, எந்தக் கட்டத்தில் அவள் பெயர், எந்தக் கட்டத்தில் அவள் அப்பா பெயர் என்று எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற எழுத்தே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

உன் தம்பி