பந்திக்கு முன் பட்டியல் வேண்டாம்: போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற திருவிருந்து ஆராதனையில், இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் அந்தப் பந்தியில், நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. வராதவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்ததே நீங்கள்தான். உபவாச ஜெபத்துக்கு வராதவர்கள் எழுந்து நின்று காரணம் சொன்னால்தான் பந்தியில் பங்கு என்ற இந்த ஏற்பாட்டைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்று எழுந்து நின்றவர்களில் ஒரு சகோதரி நர்ஸ். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆராதனைக்கு வந்திருந்தார். உபவாச ஜெபம் நடந்த இரவும் வார்டில்தான் இருந்தேன் என்றார். "ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்தால் நேரம் தானாகக் கிடைக்கும்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. சபையில் சிலர் சிரித்தார்கள். அப்பத் தட்டு வந்தபோது அவர் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். (அவர் கேட்டு நான் எழுதவில்லை. அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை.)

திருவிருந்து தோறும் 1 கொரிந்தியர் 11-ஐ 23-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிறீர்கள். ஒரே ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" கொரிந்து சபையின் பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். வேலை முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் கூலியாட்களும்தான் அப்படிப் பசியோடு இருந்தவர்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அவர்களை எழுப்பிக் காரணம் கேட்கவில்லை. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று முந்திச் சாப்பிட்டவர்களுக்குத்தான் சொன்னார். 28-ஆம் வசனமோ ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்தறியச் சொல்கிறது. பக்கத்து இருக்கைக்காரரைச் சோதிக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

விடுதலையைப் பற்றி நாம் பாடாத வாரம் இல்லை. பாட்டு முடிந்ததும் யார் என்ன உடுத்தினார், யார் எந்த விசேஷத்துக்குப் போனார், யார் போனில் என்ன ஸ்டேட்டஸ் வைத்தார் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகளுக்கு ஏன் உட்படுகிறீர்கள் என்று கொலோசெயரைக் கேட்ட அதே பவுல், நம்மிடம் வந்தால் முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தர்சு பட்டணத்துக் கூடாரத் தொழிலாளி; வேலை நாளாக இருந்தால் அவர் பெயரும் பட்டியலில் ஏறியிருக்கும்.

சரி, கேலி போதும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிடியைத் தளர்த்தினால் ஆளாளுக்கு மனம்போல் நடப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். கலாத்தியர் 5:13 அந்தப் பயத்தையும் பேசுகிறது: சுயாதீனத்தை மாம்சத்துக்கேதுவாக, அதாவது சுய இச்சைக்கு இடமாக, அநுசரியாமல், "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." விடிய விடிய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவிட்டு வந்த அந்தச் சகோதரி இதைத்தானே செய்கிறார்? பயப்படுகிறதற்கு அடிமைத்தனத்தின் ஆவியை நாம் பெறவில்லை, புத்திர சுவிகாரத்தின், அதாவது பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டதின், ஆவியைப் பெற்றோம் என்கிறது ரோமர் 8:15. பிள்ளை அப்பாவின் பந்தியில் உட்காரக் காரணம் சொல்ல வேண்டுமா?

வராதவர்களை விசாரிப்பது உங்கள் கடமை, மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து விசாரியுங்கள். அவர்களுடைய வேலை நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பந்திக்கு முன் பெயர் வாசிப்பதை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த திருவிருந்துக்கு முந்தைய ஞாயிறே அதை அறிவித்துவிட்டால், வரத் தயங்குகிறவர்கள் நிம்மதியாக வருவார்கள்.

இன்னொரு வேண்டுகோள், இதுவும் பணிவோடுதான்: போதகர் ஐயா அந்தச் சகோதரியை நேரில் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். மாலையில் போங்கள். பகலில் அவர் தூங்கும் நேரம்.

இப்படிக்கு,
சபை விசுவாசி ஒருவர்