சார்ஜ் தீர்ந்த பிறகு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பகுதியில், சார்ஜ் போட்ட மின்சாரத்திலும் அது தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் கார்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே ஒரு எண்ணைப் போடுகிறீர்கள். அப்படி ஓர் எண்ணை நம்பித்தான் நானும் வாங்கினேன். வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர்; இரவில் சார்ஜ் போட்டுவிடுவேன். பல வாரம் பெட்ரோல் பங்க் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நெடும்பயணம். முதல் 60 கிலோமீட்டர் சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்து இன்ஜின் ஓடத் தொடங்கியதும் டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து அளந்தேன். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடித்தது. லிட்டருக்கு 17கூட இல்லை.

காரில் கோளாறு இல்லை. எண்ணைத் தயாரிக்கும் விதம் அப்படி. ஆய்வகத்தில் பேட்டரி நிறைந்திருக்கும்போது ஓட்டி அளக்கிறார்கள், தீர்ந்த பிறகும் ஓட்டி அளக்கிறார்கள். பிறகு இரண்டையும் கலந்து ஒரு சராசரி போடுகிறார்கள். எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் சூட்சுமம். 60 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும் கார் என்றால், மொத்தத் தூரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்திலேயே போகும் என்று கார்களின் எரிபொருள் செலவை ஆய்வகத்தில் அளப்பதற்கான ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி விதி வைத்துக்கொண்டது. 2025-இல் புது மாடல்களுக்கு அதை ஏறத்தாழ 54 ஆகக் குறைத்தார்கள். அடுத்த கட்டத்துக்கு 34 என்று எழுதியிருக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் பங்குக்குப் பெட்ரோல் பூஜ்ஜியம் என்று வைத்து, என் காரின் 6 லிட்டரைக் கொண்டு கணக்குப் போட்டேன். 80 என்றால் லிட்டருக்கு 83 கிலோமீட்டர், 54 என்றால் 36, 34 என்றால் 25. இன்ஜினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை!

பழைய விகிதம் நிஜத்துக்கு எவ்வளவு தூரம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2021-இல் பதிவான கார்கள் சாலையில் உண்மையில் எரித்ததை ஐரோப்பிய ஆணையம் திரட்டி 2024-இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்களின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் ஆய்வக எண்ணைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் வித்தியாசம் சுமார் 20 சதவீதம்தான்.

இன்னொன்று, அந்த லிட்டர் கணக்கில் சார்ஜ் போட்ட மின்சாரம் சேராது. எத்தனை யூனிட் என்பது தனிக் கணக்கு. அமெரிக்காவில் புதுக் கார்களில் ஒட்டும் மைலேஜ் லேபிளில் 33.7 யூனிட்டை ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலுக்குச் சமமாக வைத்து மின்சார மைலேஜைப் போடுகிறார்கள். பெட்ரோலில் மட்டும் ஓடினால் எவ்வளவு என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஜெர்மனியிலும் 2024 முதல் பேட்டரி தீர்ந்த நிலையின் எரிபொருள் செலவைத் தனியாகக் காட்டச் சொல்கிறார்கள்.

உங்கள் பக்கத்திலும் அப்படியே போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம், அதற்கு எத்தனை யூனிட், சார்ஜ் தீர்ந்த பிறகு லிட்டருக்கு எவ்வளவு என்று மூன்றும் வேண்டும். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர் முதலில் தேடவேண்டியது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்