வைக்கோலுக்கும் எடையும் ஈரப்பதமும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பால் விலை ஏறினாலும் இறங்கினாலும் தங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. அந்தப் பாலைக் கறக்க மாட்டுக்கு நாங்கள் போடும் வைக்கோலின் விலையைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கம் மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு மேய்ச்சல் நிலம் என்று எதுவும் மிச்சமில்லை. பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் வயல்களிலிருந்து வண்டியில் வரும் வைக்கோலைத்தான் நம்பியிருக்கிறோம். அதைக் கட்டுக் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு கட்டு எத்தனை கிலோ என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது.

கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்து வைக்கோல் நீளமாக இருக்கும். போர் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. இப்போது அறுவடை இயந்திரம் நொறுக்கி உதறிவிட்டுப் போவதை இன்னொரு இயந்திரம் உருட்டிக் கட்டுகிறது. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால், தளர்வாகச் சுற்றி எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்களும் உண்டு, காயுமுன்பே கட்டுகிறவர்களும் உண்டு. நடுவில் ஈரம் நின்ற கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கிறது. பிரித்த பிறகுதான் அது தெரியும். அதற்குள் வண்டி போயிருக்கும். பூசணம் பிடித்ததை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். பசிக்குத் தின்றாலோ அதன் நஞ்சு பாலிலும் இறங்கலாம்.

எடை போட்டால் மட்டும் போதாது. அப்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம். 12 சதவீதம் ஈரமுள்ள 20 கிலோ கட்டில் 17.6 கிலோ உலர் தீவனம் இருக்கும். 25 சதவீதம் ஈரமென்றால் அதே 20 கிலோவில் 15 கிலோதான். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் என்று வரம்பு வைத்து, கருவியால் ஈரம் பார்த்துத்தான் நெல்லை எடுக்கிறார்கள். அதே வயலில், அதே நாளில் கிடைத்த வைக்கோலுக்கு மட்டும் ஏன் கண்மதிப்பு?

இந்தக் கண்மதிப்பில் விவசாயிக்கும் நட்டம்தான். நன்றாகக் காயவைத்து, மழை படாமல் பொன்னிறமாகக் கொடுப்பவருக்கும் கறுத்துப்போனதைத் தள்ளிவிடுபவருக்கும் வயலில் ஏறக்குறைய ஒரே விலைதான். நல்லதைத் தர அவருக்கு என்ன ஆதாயம்? போதாததற்கு, ஒரு டன் வைக்கோலோடு 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), அதைவிட அதிகமாகச் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) அவர் நிலத்தை விட்டுப் போகின்றன. திரும்ப உரம் வாங்கிப் போடுவது அவர்தான். வயல் சுத்தமானால் சரி என்று வந்த விலைக்கு விடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்து விலை சொல்லட்டும். அதைக் கொடுக்க நாங்கள் தயங்கமாட்டோம். பூசணத்துக்குக் கொடுக்கத்தான் வயிறு எரிகிறது.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பூக்கும் பருவத்தில் அறுத்து உலர்த்திய தீவனச் சோளத்தில் அதைப்போல் இரு மடங்கு இருக்கும்; குதிரை மசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிரில் இன்னும் பல மடங்கு. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் கொஞ்ச நிலத்தில் இவற்றைப் பயிரிட்டு உலர்த்தி, தரத்துக்கேற்ற விலை வைத்தால் வடசென்னையிலேயே வாங்க ஆள் இருக்கிறோம்.

கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையிலேயே இருக்கிறது. தீவனத்தைச் சோதித்துத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நவரைப் பட்ட நெல் அறுவடை முடிந்து வண்டிகள் வரும் நேரத்தில், மாதவரத்தில் ஓர் எடைமேடையும் ஈரம் பார்க்கும் கருவியும் வைத்து, அன்றைய கிலோ விலையைப் பலகையில் எழுதிப்போட கால்நடை பராமரிப்புத் துறையும் வேளாண் விற்பனைத் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் காய்கறி விலையோடு வைக்கோல் விலையை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை – 39