திருமண அதிகாரிகளுக்கு: அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல விடுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மும்பையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி, அதாவது மதச் சடங்கு எதுவும் கட்டாயமில்லாமல் அரசு அதிகாரி முன்னால் செய்துகொள்கிற முறைப்படி, கல்யாணம் நடத்திவைக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கும் குமாஸ்தா ஒருவருக்கு மெமோ போகும், விஷயம் அதோடு முடிந்துவிடும். இதன் மராத்தி நகல் தனியாகத் தபாலில் வருகிறது. தமிழில் எழுதுவது எதற்கென்றால், அடுத்து உங்கள் அலுவலகப் படியேறப்போகிற எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

என் அக்கா மகனுக்கு உங்கள் அலுவலகம் ஒன்றில் சமீபத்தில் கல்யாணம் நடந்தது. மூன்று சாட்சிகளில் நானும் ஒருத்தி. கல்யாணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் காத்திருந்து, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் கேட்டபடி கொடுத்துவிட்டுத்தான் போனோம். காகிதத்தில் நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கும் அதில் குறை இல்லை.

பெண்ணுக்குச் சங்கரன்கோவில் பக்கம். பி.எஸ்ஸி. படித்தவள், ஆனால் ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. மும்பைக்கு வந்ததே இந்தக் கல்யாணத்துக்காகத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று விரலால் தட்டிக் காட்டினார். கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது என்கிற மாதிரி. "சார், நாங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறதே" என்று மாப்பிள்ளைதான் கேட்டான். குமாஸ்தா நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிராயரில் தேடி லேமினேட் செய்த அட்டை ஒன்றை எடுத்தார். மூலையில் டீக்கறை. ஹிந்தியில் வேகமாக ஒரு வரி வாசித்து, "போலோ" என்றார். பையன் சொன்னான். பெண்ணின் முறை வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அவள் தமிழில் சொல்லட்டும், நான் உங்களுக்கு அர்த்தம் சொல்கிறேன்" என்றேன். இது சர்க்காரி ஆபீஸ், இங்கே அதெல்லாம் நடக்காது என்றார். வெளியே எட்டு ஜோடி காத்திருக்கிறது என்றும் சொன்னார். சரி, அவர் அவசரம் அவருக்கு. அந்த அவசரத்தில் அட்டையில் இருந்த மாப்பிள்ளையின் வரியையே அவளுக்கும் வாசித்துவிட்டார். அவள் ஒவ்வொரு சொல்லாக, கிளிப்பிள்ளை மாதிரி, பயபக்தியோடு திருப்பிச் சொன்னாள். ஆக, உங்கள் அலுவலகத்தில் நடந்தபடி பார்த்தால் எங்கள் வீட்டு மருமகள் என் அக்கா மகனைத் தன் மனைவியாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

குமாஸ்தா கவனிக்கவில்லை. அதிகாரி கவனித்திருக்க வழியில்லை; அவர் உள்ளறையில் போனில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அதையே 'முன்னிலை' என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படியிறங்கும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உள்ள நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்மா" என்றேன்.

ஐயா, அம்மா, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். தரப்பினர் விரும்புகிற எந்த முறையிலும் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்கிறது அது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: இன்னாரான நான் இன்னாரை என் சட்டப்படியான கணவராக, அல்லது மனைவியாக, ஏற்கிறேன் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அதிகாரியும் மூன்று சாட்சிகளும் முன்னால் இருக்க வேண்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். இதைச் சொல்லாதவரை கல்யாணம் முழுமையும் ஆகாது, யாரையும் கட்டுப்படுத்தவும் செய்யாது. மாலை, தாலி, மோதிரம், மேளம் எதுவும் கட்டாயமில்லை என்று விட்டுவிட்ட சட்டம் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விடவில்லை. நீங்களோ மற்ற எல்லாக் காகிதங்களையும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிவிட்டு, இதை மட்டும் விட்டுவிடத் தயாராக இருந்தீர்கள். கேட்டபிறகும் அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல விடவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த வாக்கியத்தை அவரவருக்குப் புரிகிற மொழியில், அதிகாரியின் முகத்துக்கு நேரே, நிதானமாகச் சொல்ல விடுங்கள்.

ஒரு வாக்கியத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் புரோகிதர் வைத்துக் கல்யாணம் நடந்ததில்லை. பெரியவர் ஒருவர் தலைமை தாங்குவார், பெண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், புரிகிற எந்த மொழியிலாவது ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும்; அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து, ஊரைக் கூட்டி நடத்த வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அது தமிழ்நாட்டுத் திருத்தம். ரயிலேறி தாதரில் இறங்கும்போது கூடவே இறங்காது. இங்கே மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் கல்யாணம் செய்துவைப்பதில்லை, ஏற்கெனவே நடந்ததைப் பதிவுதான் செய்வார்கள்; அந்தப் படிவத்திலோ புரோகிதரின் பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்ப வாசலிலேயே ஆள் கிடைக்கிறார், கல்யாணத்தைக் கண்ணால் பார்க்காதவர். வேண்டாம் என்றோம். 2024இல் உச்ச நீதிமன்றம், இந்து திருமணச் சட்டப்படி உரிய சடங்கு நடக்காமல் வெறும் சான்றிதழ் வாங்கிவைத்தால் அது கல்யாணமே ஆகாது என்று வேறு சொல்லியிருக்கிறது. வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசாமல் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போங்கள், நீங்கள் கேட்கிற முறை அதற்குள்ளேயே இருக்கிறது" என்றார். 12ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அண்ணா 1967இல் எழுதவைத்ததைப் பாராளுமன்றம் 1954லேயே ஏறக்குறைய அதே வார்த்தைகளில் நாடு முழுக்கக் கொடுத்திருக்கிறது. உங்கள் மேஜை வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்த உரிமை அது. மேஜையில் வைத்துத்தான் காணாமல் போயிற்று.

இந்த மண்ணிலேயே 1873இல் சத்யசோதக் சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மகாத்மா ஜோதிராவ் பூலே, புரோகிதர் இல்லாத கல்யாணங்களை நடத்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்கு விளங்கும் மராத்தியில் உறுதிமொழி சொல்லிக்கொள்ளப் புதிதாக மங்களாஷ்டகமே, அதாவது கல்யாணத்தில் பாடுகிற வாழ்த்துப் பாட்டே, எழுதிக் கொடுத்தார். அர்த்தம் தெரியாததைச் சொல்லி யாரும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த அலுவலகத்தில் அந்தக் கூத்து நடந்ததோ, அங்கேயே அவர் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. மாலையும் போட்டிருந்தார்கள்.

மாலை என்றதும் இன்னொன்று. எங்கள் மாலையை உள்ளே விடவில்லை, தரையில் பூ கொட்டுமாம். பெற்றவர்களையும் விடவில்லை. சாட்சி மூன்று பேர் போதும், மற்றவர்கள் வெளியே. என் அக்கா, பெற்ற தாய், மாட்டுங்காவில் காலையிலேயே வாங்கிய மாலைகளைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் மூன்று சாட்சி வேண்டும் என்கிறது. நான்காவதாக ஒரு அம்மா நிற்கக்கூடாது என்று எங்கே சொல்கிறது? அதிகாரியே மண்டபத்துக்கு வந்து நடத்திவைக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. அலுவலகத்திலிருந்து நியாயமான தூரமாக இருக்க வேண்டும், கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டத் தயாராக இருந்தோம். "சாஹேப் வெளியே வர மாட்டார்" என்று பியூன்தான் தீர்ப்புச் சொன்னார். வரவைக்க வேண்டுமென்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே கண்ணால் காட்டினார்.

யாரைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் இந்தச் சட்டத்தின் உண்மையான உரையாசிரியர்கள். நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய முப்பது நாளாவது இருவரில் ஒருவர் இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள்தான் ஜனங்களுக்குச் சொல்கிறார்கள், துட்டு வாங்கிக்கொண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான ஒன்றை அவர்களும் சொல்வதில்லை: இந்தச் சட்டத்தின் பட்டியலில் அத்தை மகனும் மாமன் மகளும் தடை செய்யப்பட்ட உறவு. வழக்கத்தைக் காட்டி விலக்குக் கேட்கத்தான் வேண்டும். 'முறைப்பெண்தானே' என்று நம்பி வருகிறவர்கள் நோட்டீஸ் கொடுக்கிற அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இதையெல்லாம் எழுதி ஒரு போர்டு வைத்தால் என்ன? இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைகளின் போட்டோவும் வீட்டு முகவரியும், போகிற வருகிறவர்கள் எல்லாம் செல்போனில் படம் பிடிக்கிற மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால் அழகாக ஒட்டி வைக்க இடம் இருக்கிறதே. சாதி மாறிக் கல்யாணம் செய்கிற பெண்ணைத் தேடி வருகிற அண்ணன்மாருக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நோட்டீஸ் ஒட்டச் சொல்வது சட்டம், நீங்கள் இல்லை. அது பாராளுமன்றத்தோடு போட வேண்டிய சண்டை. உங்களிடம் கேட்பது உங்கள் கையில் இருப்பதை மட்டும்.

அன்று சாயங்காலம் சயானில் ஒரு சின்ன மண்டபத்தில் சொந்தபந்தம் கூடியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைமை தாங்கினார். அந்தப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, குரல் நடுங்காமல், தமிழில் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதுதான் கல்யாணம் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஆனால் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. அது கணக்கில் எடுப்பது காலையில் அவள் என் அக்கா மகனை மனைவியாக ஏற்றுக்கொண்டதை. சான்றிதழ் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதையே முடிவான சாட்சியமாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், பயப்படாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதவே துணிந்தேன்.

ஆகவே தயவுசெய்து உங்கள் கீழ் இருக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உறுதிமொழியை அவரவர் தாங்களே சொல்ல வேண்டும், தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், அதிகாரி எதிரில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். பெற்றவர்களை உள்ளே விடுவதும் மாலை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் தருவதும் உங்கள் பெருந்தன்மை. கீழே விழுகிற பூவை நாங்களே பெருக்கிவிட்டுப் போகிறோம். தமிழ் அட்டைக்கு உங்களுக்குச் செலவில்லை. வாசகம் இது: "______ ஆகிய நான், ______ ஆகிய உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." மாப்பிள்ளைக்கு இன்னொரு அட்டை, தனியாக. நிறமும் வேறு வைத்துவிடலாம், அவசரத்தில் மாறாது. இரண்டையும் அச்சடித்து லேமினேட் செய்து கொண்டுவந்து தருகிறோம். தெலுங்கு, கன்னடம், உருது வேண்டுமானால் அதையும் எழுதித்தர நாங்கள் குடியிருக்கிற சாலிலேயே (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு) ஆள் இருக்கிறார்கள்.

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி உங்களிடம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறாள். அவள் தாராவியில் பிறந்தவள், ஹிந்தி தண்ணி பட்ட பாடு. மாப்பிள்ளைதான் தூத்துக்குடி. தேதி வருவதற்குள் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தால் நன்றாக இருக்கும். அதற்கும் சாட்சிக்கு நான்தான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் சாட்சி,
தாராவி, மும்பை