மியாமி கணக்கு திருப்பூருக்குப் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூர்த் தொழிலாளர் பற்றிய தங்கள் நடுப்பக்கக் கட்டுரை, ஆள் வரத்தால் உள்ளூர்க் கூலி குறையாது என்பதைப் பொருளியலாளர் டேவிட் கார்டு நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறது. அவர் சொன்னது அவ்வளவு பொத்தாம்பொதுவானதல்ல.

1980 ஏப்ரலில் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோ தம் நாட்டின் மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட, செப்டம்பருக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் ஃப்ளோரிடா மாநிலத்து மியாமியிலேயே தங்கியதில் அங்கே உழைப்பாளர் எண்ணிக்கை 7% கூடியது. 1979 முதல் 1985 வரையிலான அமெரிக்க அரசின் குடும்ப மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து, கார்டு மியாமியின் கூலியையும் வேலையின்மையையும் அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய ஊர்களோடு ஒப்பிட்டார். திறன் குறைந்த தொழிலாளரின் கூலியில் சொல்லும்படியான சரிவு இல்லை என்று 1990இல் எழுதினார்.

இந்த ஆய்வின் பலமே நிகழ்வைத் தேர்ந்ததில் இருக்கிறது. பொதுவாகக் கூலி ஏறும் ஊருக்குத்தான் ஆள் வருவார்கள். எது எதனால் என்று பிரிக்க முடியாது. மரியேலில் துறைமுக வாசலைத் திறந்தது கியூபா அரசு. மியாமியின் கூலி நிலவரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் 2017இல் பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தவர்) அல்லாத, 25 முதல் 59 வயது ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, கூலி 10 முதல் 30% வரை விழுந்தது என்றார். அப்படிச் சலித்தால் மியாமியில் ஆண்டுக்கு இருபது பேர் வாக்கில்தான் மிஞ்சுகிறார்கள். போதாக்குறைக்கு, 1980க்குப் பிறகு அந்தச் சிறு மாதிரியில் கறுப்பினத்தவரின் பங்கு ஏறியிருந்ததை பொருளியலாளர்கள் மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் காட்டினார்கள். கறுப்பினத்தவரின் சராசரிக் கூலி ஏற்கெனவே குறைவு என்பதால், ஒருவருக்கும் கூலி வெட்டாமலேயே மொத்தச் சராசரி இறங்கிவிடும்.

கார்டின் முறையிலும் ஓட்டை உண்டு. 1994இல் கியூபர்கள் மறுபடி படகேறியபோது அமெரிக்கா அவர்களைக் கியூபாவிலுள்ள தன் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்குத் திருப்பிவிட்டது. மியாமிக்கு அந்தக் கூட்டம் வரவேயில்லை. ஆனாலும் அதே ஒப்பீட்டைப் போட்டால் மியாமி கறுப்பினத்தவரிடையே வேலையின்மை கூடியதாகக் காட்டுகிறது! ஆலன் க்ரூகரோடு சேர்ந்து இதைக் காட்டிய ஜோஷுவா ஆங்ரிஸ்ட், 2021 நோபல் பரிசைக் கார்டோடு பகிர்ந்துகொண்டவர்.

திருப்பூருக்கு வருவோம். ஆர்டர் குவியும்போதுதான் பனியன் கம்பெனிகள் கான்ட்ராக்டரிடம் ஆள் கேட்கின்றன. அப்போது ஆளும் கூடும், பீஸ் ரேட் கூலியும் கூடும். ஒன்றால் மற்றொன்று என்று சொல்ல வழியில்லை. ஒப்பிட இன்னொரு பின்னலாடை ஊரான பஞ்சாபின் லூதியானாவை நிறுத்தலாம் என்றால், அங்கேயும் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள்தான்.

பொருளியல் ஆசிரியர்கள் சிலர்,
கோவை